கூரைக்கு கிளெய்ம் போடப்போகும் தம்பி தங்கைகளுக்கு

டல்லாஸைச் சுற்றி ஃப்ரிஸ்கோ, பிளேனோ, ஆலன், மெக்கின்னி என்று எந்த ஊருக்குப் போனாலும் இன்று தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பலருக்கு இதுதான் சொந்தப் பெயரில் வாங்கிய முதல் வீடு. ஊரில் கான்கிரீட் மொட்டைமாடிக்குக் கீழே வளர்ந்தவர்களுக்குக் கூரை என்பது கவலைப்படவேண்டிய பொருளாகவே தோன்றியதில்லை. இங்கே மரப்பலகையின் மேல் ஆணி அடித்த தார் ஷிங்கிள்தான் கூரை. மார்ச்சில் தொடங்கி ஜூன் வரை வட டெக்சாஸில் ஆலங்கட்டிக் காலம். 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த்தில் மேஃபெஸ்ட் திருவிழாவுக்கு வந்த கூட்டத்தின் மேலேயே ஆலங்கட்டி கொட்டியது. 2016 ஏப்ரல் 11 அன்று, பிளேனோவுக்குப் பக்கத்திலிருக்கும் வைலியில் விழுந்த கட்டிகள் சாஃப்ட்பால் அளவு இருந்தன.

ஓய்வு பெறும்வரை நான் அட்ஜஸ்டர் வேலை பார்த்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் ஏணி வைத்துக் கூரை ஏறி, சேதத்தை அளந்து எழுதும் வேலை. ஆலங்கட்டி விழுந்ததால் நொந்தவர்களைவிட, அது விழுந்த மறுநாள் அவசரத்தில் கையெழுத்துப் போட்டதால் நொந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. பாலிசியை வானம் தெளிவாக இருக்கும்போதே படியுங்கள். எல்லாப் பக்கங்களையும் படிக்க நேரமில்லையென்றால், முன்னால் இருக்கும் டிக்ளரேஷன்ஸ் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். அதில் ‘விண்ட் அண்ட் ஹெயில் டிடக்டிபிள்’ என்று ஒரு வரி இருக்கும். டெக்சாஸில் இது பெரும்பாலும் ஒரு தொகையாக இருக்காது. வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், 2 சதவீதம் என்று இருக்கும். 4,50,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 9,000 டாலர். கூரைச் செலவில் முதல் 9,000 உங்கள் கையிலிருந்து போகும். பிரீமியம் குறைகிறதே என்று இரண்டு சதவீதத்துக்குச் சம்மதித்தவர்கள், அந்தப் பணத்தைத் தனியே எடுத்துவைத்திருக்க வேண்டும்.

அடுத்து, கூரைக்கு ‘ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்’ தருகிறார்களா, ‘ஆக்சுவல் கேஷ் வேல்யூ’ மட்டும் தருகிறார்களா என்று பாருங்கள். முன்னது புதுக்கூரையின் விலை. பின்னது கூரையின் வயதுக்குத் தகுந்த தேய்மானத்தைக் கழித்தபின் மிஞ்சும் தொகை. வீட்டின் மற்ற பகுதிகளுக்கெல்லாம் முழுவிலை தந்துவிட்டு, கூரைக்கு மட்டும் தனி இணைப்பு ஒன்றைச் செருகித் தேய்மானம் கழிக்கும் பாலிசிகள் இப்போது நிறைய வருகின்றன. ஆண்டுப் புதுப்பிப்பின்போது இது சத்தமில்லாமல் மாறியிருக்கவும் கூடும். புதுப்பிப்புக் கடிதம் வந்தால் பிரீமியத் தொகையை மட்டும் பார்த்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். ‘காஸ்மெடிக் டேமேஜ்’ விலக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால், தகரக் கூரையில் குழி விழுந்து அழகு கெட்டாலும், ஒழுகாதவரை பணம் கிடைக்காது.

2. ஆலங்கட்டி நின்றதும் கூரை மேல் ஏறாதீர்கள். நம் புறநகர் வீடுகள் இரண்டு மாடி; கூரைச் சரிவோ மிகச் செங்குத்து. ஈரமான ஷிங்கிளில் கால் வழுக்கினால் பிடிக்க எதுவும் கிடையாது. அட்ஜஸ்டர்களே சில வீடுகளில் ஏறாமல் தனி ஏணி ஆட்களையோ டிரோனையோ வரவழைப்பார்கள்.

தரையில் நின்றே நிறையச் சாட்சியம் சேர்க்கலாம். கட்டிகள் உருகுமுன் நாலைந்தைப் பொறுக்கி, பக்கத்தில் குவார்ட்டர் நாணயமோ அளவுநாடாவோ வைத்துப் படம் எடுங்கள். குவார்ட்டர் கிட்டத்தட்ட ஓர் அங்குலம். தேசிய வானிலை சேவை 2010 முதல் ஓர் அங்குல ஆலங்கட்டியைத்தான் ‘கடும் புயல்’ வரம்பாக வைத்திருக்கிறது. இரண்டு மூன்று கட்டிகளை ஜிப் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு வீட்டை நான்கு பக்கமும் சுற்றி வாருங்கள். ஏசி கண்டென்ஸரின் மெல்லிய தகடுகள் நசுங்கியிருக்கிறதா, ஜன்னல் வலை கிழிந்திருக்கிறதா, கட்டரில் குழி விழுந்திருக்கிறதா, டவுன்ஸ்பவுட்டின் வாயில் கறுப்பு மணல்போலத் துகள் கொட்டிக்கிடக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துகள் ஷிங்கிளின் மேற்பூச்சு. வேலியிலும் மரத்தளத்திலும் பழைய அழுக்கு தெறித்துப் போய் வட்டவட்டமாக வெளுத்த தடம் இருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் வெயிலும் மழையும் அதை அழித்துவிடும் என்பதால் அன்றே படமெடுங்கள். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு பெரிய கட்டி விழுந்தது என்பதை அட்ஜஸ்டருக்குச் சொல்வது அந்தத் தடம்தான்.

3. மறுநாள் காலையிலேயே கதவைத் தட்டுவார்கள். கையில் டேப்லெட், சட்டையில் கம்பெனிப் பெயர், வாய் நிறையப் புன்னகை. “பக்கத்து வீட்டுக்கு முழுக்கூரை வாங்கிக் கொடுத்தோம், உங்களுக்கும் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம், இதில் ஒரு கையெழுத்து மட்டும்” என்பார்கள். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். நல்ல வேலைக்காரர்களும் அப்படித்தான் வாடிக்கை பிடிக்கிறார்கள். ஆனால் டெக்சாஸில் கூரை வேலைக்கு மாநில அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. ஏணியும் ஒரு பிக்கப் வண்டியும் இருந்தால் யாரும் ரூஃபர் ஆகிவிடலாம். புயலைத் துரத்தி ஊர் ஊராகப் போய், வேலை முடித்த ஆறு மாதத்தில் காணாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

‘பார்ப்பதற்கு அனுமதி’ என்று நீட்டப்படும் தாள் பல சமயம் வேலை ஒப்பந்தமாகவே இருக்கும். ‘இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொண்டால் இந்த வேலை எங்களுக்கே’ என்று நடுவில் ஒரு வரி இருக்கும். படிக்காமல் போட்ட கையெழுத்துக்காகப் பின்னால் ரத்துக் கட்டணம் கேட்டவர்களைக் கண்டிருக்கிறேன். வீட்டு வாசலில் வந்து விற்கும் ஒப்பந்தங்களை மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்ய மத்திய வணிக ஆணையத்தின் விதி இடம் தருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலங்குகிறவர்கள் அந்த மூன்று நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவரைத் தனியாகக் கூரையில் ஏறவிடாதீர்கள். நாணயத்தாலும் சுத்தியலாலும் ஷிங்கிளைத் தட்டி ‘ஆலங்கட்டிச் சேதம்’ உண்டாக்கிய கூரைகளைப் பார்த்திருக்கிறேன். அனுபவமுள்ள கண்ணுக்கு அது உடனே தெரியும். இயற்கையான அடி சீரில்லாமல் சிதறி விழும். கையால் அடித்ததோ ஒரே அளவில், ஆள் எட்டும் தூரத்தில், வரிசையாக இருக்கும். மாட்டிக்கொள்வது ரூஃபர் அல்ல, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

4. கம்பெனிக்குப் போன் செய்யுமுன், ஊரிலேயே பல வருடமாக இருக்கும் ஒரு ரூஃபரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நண்பர்கள் வீட்டில் வேலை செய்தவராக, பொறுப்புக் காப்பீடு வைத்திருப்பவராக இருக்கட்டும். பத்துப் பதினைந்து ஷிங்கிள் பறந்திருக்கிறது, ஆயிரத்தைந்நூறு டாலரில் சரிசெய்யலாம் என்று அவர் சொன்னால், 9,000 டிடக்டிபிள் வைத்திருக்கும் உங்களுக்குக் கிளெய்ம் போட்டாலும் ஒரு பைசா கிடைக்காது. ஆனால் போட்ட கிளெய்ம் பதிவாகிவிடும். லெக்சிஸ்நெக்சிஸ் நிறுவனம் ‘குளூ’ என்ற பெயரில் நடத்தும் தரவகத்தில் வீட்டு கிளெய்ம்கள் ஏழு வருடம் இருக்கும். நாளை வேறு கம்பெனிக்கு மாறப்போனால் அதை எடுத்துப் பார்ப்பார்கள். சின்னச் சேதத்தைச் சொந்தச் செலவில் சரிசெய்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அதே சமயம், பெரிய சேதம் என்றால் தயங்காதீர்கள். “கிளெய்ம் போட்டால் பிரீமியம் ஏறிவிடும், எதற்கு வம்பு” என்று ஒழுகும் கூரையோடு வருடக்கணக்கில் இருக்கும் நம்மவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. இதற்காகத்தானே மாதாமாதம் பணம் கட்டினீர்கள்? ஒரே புயலில் வட்டாரமே அடிபட்டால் நீங்கள் கிளெய்ம் போடாவிட்டாலும் எல்லாருக்கும் பிரீமியம் ஏறத்தான் செய்யும்.

5. சேத நாளைச் சரியாகச் சொல்லுங்கள். “போன வசந்தத்தில் எப்போதோ” என்று சொன்ன கிளெய்ம்கள் அங்கேயே நொண்டத் தொடங்கிவிடும். எந்தத் தேதியில் உங்கள் வட்டாரத்தில் என்ன அளவு ஆலங்கட்டி பதிவானது என்பதை அரசின் புயல் கணிப்பு மையம் நாள்வாரியாக வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். கம்பெனியும் அதைத்தான் பார்க்கும். அந்தத் தேதி உங்கள் பாலிசிக் காலத்துக்குள் வரவேண்டும். கிளெய்ம் போடுவதற்கும் பாலிசியில் கெடு இருக்கும். பல பாலிசிகளில் ஒரு வருடம்தான்.

வீடு வாங்கும்போது எடுத்த இன்ஸ்பெக்ஷன் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். ‘இது பழைய சேதம்’ என்று கம்பெனி சொன்னால், வாங்கிய நாளில் கூரை நன்றாக இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. இனிமேல்தான் வாங்கப்போகிறவர்கள், விற்பவரிடம் அந்த வீட்டின் குளூ அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முந்தைய சொந்தக்காரர் கூரைக்குப் பணம் வாங்கிக்கொண்டு கூரையை மாற்றாமல் உங்கள் தலையில் கட்டியிருந்தால், பாரம் முழுவதும் உங்களுடையதாகிவிடும்.

6. உள்ளே ஒழுகினால் உடனே தார்ப்பாய் போட்டு மூடச் செய்யுங்கள். மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது பாலிசி உங்கள் மேல் வைத்திருக்கும் கடமை. அதற்கான ரசீதைக் கொடுத்தால் செலவு கிளெய்மில் சேரும். நிரந்தர வேலையை மட்டும் அட்ஜஸ்டர் பார்க்குமுன் தொடங்காதீர்கள். பிய்ந்த ஷிங்கிளையும் நனைந்த கார்ப்பெட் துண்டையும் எறியாதீர்கள்.

7. அட்ஜஸ்டர் வரும் நாளில் லீவு போட்டு வீட்டில் இருங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “கேட் கோடு தந்துவிட்டேன், அவரே பார்த்துக்கொள்வார்” என்று ஆபீஸுக்குப் போய்விடுகிறார்கள். புயலுக்குப் பிறகு ஒரு அட்ஜஸ்டர் ஒரே நாளில் பல கூரை ஏறுவார். அவர் கெட்டவர் அல்லர், களைத்தவர். யாரும் சுட்டிக்காட்டாத சேதம் களைத்த கண்ணுக்குத் தப்பிப்போகும்.

அவர் மேலே என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கூரையின் ஒவ்வொரு சரிவிலும் சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடி சதுரம் போடுவார். அந்த நூறு சதுர அடியைத்தான் கூரைத் தொழிலில் ‘ஒரு ஸ்கொயர்’ என்கிறார்கள். அதற்குள் ஆலங்கட்டி அடித்த இடங்களை வட்டமிட்டு எண்ணுவார். கம்பெனி வைத்திருக்கும் எண்ணிக்கையைத் தாண்டினால் அந்தச் சரிவு முழுவதையும் மாற்ற எழுதுவார். குறைந்தால் சில ஷிங்கிள்களை மட்டும் மாற்ற எழுதுவார். வடக்குச் சரிவு மோசமாக அடிபட்டுத் தெற்குச் சரிவு தப்பியிருக்கலாம், புயல் வந்த திசை அப்படி. ஆலங்கட்டி பட்ட இடம் விரலால் அழுத்தினால் அடிபட்ட பழம்போல் மெத்தென்று இருக்கும். துகள் உதிர்ந்து அடியில் கறுப்புத் தெரியும். வெயிலில் வரும் கொப்புளமும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும்; ஆனால் அது தேய்மானம், பணம் கிடையாது. காற்றுச் சேதம் வேறு விதம். ஷிங்கிளின் பசைப்பட்டை விட்டு, மடிந்த கோடு தெரியும்.

உங்கள் ரூஃபரையும் அந்த நேரத்துக்கு வரச்சொல்லுங்கள். அவர் சேதத்தைக் காட்டலாம், அளவையும் விலையையும் பேசலாம். ஆனால் டெக்சாஸ் சட்டப்படி, கூரை வேலை செய்கிறவரே உங்கள் சார்பில் கிளெய்மைப் பேரம்பேச முடியாது. “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பேசவே வேண்டாம்” என்று சொல்லும் ரூஃபர் சட்டத்தை மீறுகிறார்.

அட்ஜஸ்டரிடம் மரியாதையாக, நேராகப் பேசுங்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். சேதத்தைப் பெரிதாக்கிச் சொல்லாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான பத்துச் சேதமும் சந்தேகத்துக்குள் போய்விடும். நம் பிள்ளைகள் அதிகாரி என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு காபி போட உள்ளே போய்விடுகிறார்கள். காபி கொடுங்கள், கூடவே கேள்வியும் கேளுங்கள். எத்தனை சதுரம் போட்டீர்கள், ஒவ்வொன்றிலும் ஆலங்கட்டி பட்ட இடம் எத்தனை எண்ணினீர்கள், கட்டர், ஏசி, வேலி, ஜன்னல் வலை, அட்டிக்கின் உட்புறம் எல்லாம் பார்த்தீர்களா? இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

8. கம்பெனி அனுப்பும் எஸ்டிமேட் பெரும்பாலும் எக்ஸாக்டிமேட் என்ற மென்பொருளில் போட்டதாக இருக்கும். வரிவரியாகப் படியுங்கள். ஷிங்கிளும் பழையதைப் பிரித்தெடுக்கும் கூலியும் இருக்கும். விட்டுப்போவது சின்ன வரிகள்: ஓரத்தில் வரும் ஸ்டார்ட்டர், உச்சியில் வரும் ரிட்ஜ் கேப், டிரிப் எட்ஜ், ஃப்ளாஷிங், குழாய் மூடிகள், செங்குத்துச் சரிவுக்கும் இரண்டாம் மாடிக்கும் கூடுதல் கூலி. சோலார் பலகை போட்டிருந்தால் அதைக் கழற்றி மாட்டும் செலவு தனியாகவே ஆயிரக்கணக்கில் வரும். அது எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போனவற்றை ரூஃபர் படத்தோடு ‘சப்ளிமென்ட்’ ஆக அனுப்பலாம். இது சண்டை அல்ல, தினமும் நடக்கும் வழக்கமான வேலை.

9. பணம் இரண்டு தவணையாக வரும். முதல் காசோலையைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று பதறுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். புதுக்கூரை 22,000 டாலர். தேய்மானம் 8,000 கழித்தால் 14,000. அதில் டிடக்டிபிள் 9,000 கழித்து முதல் காசோலை 5,000. வேலை முடிந்து பில்லைக் காட்டியதும் கழித்துவைத்த 8,000 வரும். மொத்தம் 13,000, உங்கள் பங்கு 9,000. ஆக்சுவல் கேஷ் வேல்யூ பாலிசியில் அந்த இரண்டாவது 8,000 வரவே வராது. தேய்மானத் தொகையைத் திரும்பப் பெறவும் கெடு உண்டு. பல பாலிசிகளில் 365 நாள்.

“டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்” என்று ஒரு ரூஃபர் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் அது குற்றம்; 2,000 டாலர் வரை அபராதமும் 180 நாள் வரை சிறையும் உண்டு. நீங்கள் டிடக்டிபிளைக் கட்டியதற்கு ஆதாரம் கேட்கக் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது. காசோலை நகலோ கார்டு ரசீதோ வைத்திருங்கள்.

காசோலையில் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் சேர்ந்திருக்கும். அந்த வங்கியின் சேதப்பணப் பிரிவுக்கு அனுப்பிக் கையொப்பம் வாங்க நாளாகும். முதல் வாரத்திலேயே போன் செய்து நடைமுறையைக் கேளுங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் பிரசவம் பார்க்கவோ பெற்றோரைப் பார்க்கவோ திருச்சிக்குப் போயிருந்தால் எல்லாம் நின்றுவிடும். கிளம்புமுன் யோசித்துவிடுங்கள்.

10. மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்துவிடவில்லை. காரணத்தை எழுத்தில் தருவது கம்பெனியின் கடமை. வேறு அட்ஜஸ்டரைக் கொண்டு மறு ஆய்வு கேளுங்கள்; புதுப் படங்களும் உங்கள் ரூஃபரின் அறிக்கையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டாவது முறை ஏறிப் பார்த்து மாறிய முடிவுகள் ஏராளம். தொகையில்தான் தகராறு என்றால், பாலிசியில் ‘அப்ரைசல்’ பிரிவு இருக்கிறதா பாருங்கள். இரு தரப்பும் ஆளுக்கொரு மதிப்பீட்டாளரை வைத்து, ஒத்துவராவிட்டால் நடுவர் முடிவு செய்யும் முறை அது. உங்களுக்காகப் பேச உரிமம் பெற்ற பப்ளிக் அட்ஜஸ்டரையும் வைக்கலாம்; டெக்சாஸில் அவர் கட்டணம் கிளெய்ம் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கம்பெனிக்கும் கெடு இருக்கிறது. கிளெய்ம் கிடைத்த 15 நாளுக்குள் ஒப்புகை தந்து விசாரணையைத் தொடங்க வேண்டும். கேட்ட ஆவணம் எல்லாம் சேர்ந்தபின் 15 வேலைநாளில் முடிவு சொல்ல வேண்டும். சம்மதம் சொன்ன 5 வேலைநாளில் பணம் தர வேண்டும். பெரும் பேரிடர்க் காலத்தில் இது 15 நாள் நீளும். அதனால் தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் நாள் எண்ண முடியும்.

11. புதுக்கூரை போடும்போது கிளாஸ் 4 ஷிங்கிளின் விலையையும் கேளுங்கள். இரண்டங்குல இரும்புக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து போட்டுச் சோதித்துத் தரும் தரம் அது. விலை கூடுதல்தான்; ஆனால் டெக்சாஸில் பல கம்பெனிகள் அதற்குப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகின்றன. அந்தத் தள்ளுபடியோடு காஸ்மெடிக் விலக்கைச் சேர்த்துவிடுகிறார்களா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் சங்கத்தின் (ஹெச்ஓஏ) ஒப்புதல் இல்லாமல் நிறத்தை மாற்றாதீர்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டியே யாருக்கும் கொடுக்காதீர்கள்.

12. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், ஆலங்கட்டிக் காலம் முடியாமலே கிளம்புகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். புறப்படுமுன் வீட்டின் நான்கு பக்கமும், தரையிலிருந்து தெரியும் கூரையும், ஏசியும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பக்கத்துத் தெரு நண்பர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, புயல் அடித்தால் அட்டிக்கையும் மேல்மாடிக் கூரையின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஊருக்குப் போகும்போது நீங்கள் அதையே அவருக்குச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் கம்பெனி அசையவில்லை, கெடு தாண்டிவிட்டது என்றால் டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் துறையிடம் புகார் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆங்கிலம் பிசகும், விசா நேரத்தில் எதற்கு அரசாங்கத்திடம் புகார் என்று பயப்பட வேண்டாம். அந்தத் துறை இருப்பதே பாலிசிதாரர்களுக்காக. உங்கள் குடியுரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாலிசி எண், தேதிகள், படங்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் வரிசையாக இணைத்து அனுப்புங்கள்; கம்பெனி பதில் சொல்லியே ஆகவேண்டும்.